சேலத்தில் பையன்கள் பேஸ்பால்: கோட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோரை என்ன செய்வது?

செவ்வாய்ப்பேட்டை_அப்பா:

வணக்கம். பையன் எட்டாவது படிக்கிறான், போன வருடத்திலிருந்து பேஸ்பால் ஆடுகிறான். சேலத்தில் பேஸ்பாலா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். இருக்கிறது, சில பள்ளிகளில் மண் கிரவுண்டில் சாக்குக்குள் மணல் கட்டி பேஸ் (அடித்துவிட்டு ஓடிப் போய்த் தொட வேண்டிய இடம்) வைத்து ஆடுகிறார்கள். ஒரு பி.டி. சார் ஆசைப்பட்டால் போதும், டீம் வந்துவிடும்.

விளையாட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வலைக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தைப் பற்றித்தான் கேட்க வந்தேன்.

எல்லாரும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஆட்கள். பேஸ்பாலில் பந்து சரியான இடத்தில் வரவில்லை என்றால் அடிக்காமல் விடுவதுதான் கெட்டிக்காரத்தனம், அப்படி நாலு பந்து தப்பாக வந்தால் பேட்டர் சும்மா நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னப் பையன் அதைத்தான் செய்தான், ஒரு பந்தைக்கூடத் தொடாமல், பொறுமையாக நின்று, நாலு தப்புப் பந்து வாங்கி நடந்து போனான். அவன் அப்பா வலையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார்: "பேட்டை எதுக்குடா தூக்கிட்டுப் போன, கொசு அடிக்கவா?" அடுத்த முறை அந்தப் பையன் தலைக்கு மேலே போன பந்தைக்கூட வீசி அடிக்கப் பார்த்து அவுட். அவுட்டானதும் சாரைப் பார்க்கவில்லை, நேராக வலைப் பக்கம்தான் திரும்பிப் பார்த்தான்.

இது சின்ன விஷயம். பெரிய விஷயம் என்னவென்றால், அன்றைக்குக் காலையில் அரையிறுதி, மதியம் இறுதி, இரண்டிலும் ஒரே பையன்தான் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவன். மதியம் மூன்றாவது இன்னிங்ஸிலேயே ஒவ்வொரு பந்துக்கும் அப்புறம் கையை உதறிக்கொண்டிருந்தான். மாற்றச் சொன்னால் பாதிப் பேர் முறைக்கிறார்கள். ராத்திரி வாட்ஸாப் குழுவில் சண்டை, இரண்டு பேர் வெளியேறி, மறுநாள் காலையில் திரும்பச் சேர்ந்தார்கள். உங்கள் ஊரில், உங்கள் டீமில், இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

யார்க்கர்_சேலம்:

தல, நம்ம ஜில்லாவில் சின்னப்பம்பட்டி என்று ஒரு ஊர் இருக்கிறது தெரியுமா? டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகிய நடராஜன், வலைப்பயிற்சியில் பந்து வீச ஆஸ்திரேலியா போனவர், 2020 டிசம்பரில் ஆரம்பித்து 2021 ஜனவரிக்குள் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் ஆடிவிட்டுத்தான் திரும்பினார். 2023இல் சொந்த ஊரிலேயே கிரவுண்டும் கட்டினார். வாழப்பாடியில் டி.என்.பி.எல். மேட்ச் நடக்கிற அளவுக்கு மைதானம் வேறு. இதையெல்லாம் விட்டுவிட்டு மணல் சாக்கைச் சுற்றி ஓடவிட்டு என்ன கிடைக்கப் போகிறது?

செவ்வாய்ப்பேட்டை_அப்பா:

கிரிக்கெட் பயிற்சியிலும் சேர்த்துப் பார்த்தோம். வலையில் முறை வருவதற்குள் அப்பாக்கள் இரண்டு டீ குடித்து முடித்துவிடுவோம். இங்கே ஒன்பது பேர், ஒன்பது பேரும் பேட் பிடித்தே ஆக வேண்டும். 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் இரண்டு விளையாட்டுமே இருக்கிறது, அங்கே போய்ச் சண்டை போட்டுக்கொள்ளலாம். இப்போது கேள்விக்கு வாங்க.

பழைய_கேட்ச்சர்:

நான் கல்லூரியில் கேட்ச்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவன்), இப்போது பி.டி. மாஸ்டர், எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள்.

நடப்பதை நடக்கிறபடி சொல்கிறேன். வலைக்குப் பின்னால் நிற்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வந்திருப்பது விளையாட்டுக்காக இல்லை, சர்டிஃபிகேட்டுக்காக. அதில் தப்பும் இல்லை. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு, பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம். கிரிக்கெட்டில் மாநில அணிக்குள் போவதற்கு எத்தனை பேரைத் தாண்ட வேண்டும் என்று யோசியுங்கள். பேஸ்பாலில், சாஃப்ட்பாலில் கூட்டம் குறைவு. தேசியப் பள்ளி விளையாட்டுகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள் இருக்கின்றன, அங்கே போய் வந்த ஒரு காகிதத்துக்கு மதிப்பு உண்டு. (எந்த விளையாட்டு, எந்த மட்டப் போட்டி கணக்கில் வரும் என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பி மூன்று வருடம் ஓட வேண்டாம்.)

சிக்கல் எங்கே வருகிறது என்றால், காகிதம் வேண்டுமென்றால் டீம் ஜெயித்து மேலே போயாக வேண்டும். ஜெயிக்க வேண்டுமென்றால் நல்ல பிட்சர் வேண்டும். ஆக பதினைந்து வீட்டின் கணக்கு ஒரு பதின்மூன்று வயதுப் பையனின் தோளில் போய் உட்காருகிறது. கிரிக்கெட்டில் ஒரு பவுலருக்கு இத்தனை ஓவர்தான் என்று இருக்கிறது, அடுத்த ஓவர் வேறு ஆள் போட்டே ஆக வேண்டும். பேஸ்பாலில் ஆட்ட விதி தானாக அவனை நிறுத்தாது. யாராவது பார்த்து நிறுத்தினால்தான் உண்டு.

கடல்தாண்டிய_சேலத்தான்:

குகையில் பிறந்தவன், இப்போது நியூ ஜெர்சி. என் பெண்ணும் பையனும் இரண்டு பேருமே லிட்டில் லீக் (பிள்ளைகளுக்கான பேஸ்பால் அமைப்பு) ஆடினார்கள், அதனால் உரிமையோடு பேசுகிறேன்.

அமெரிக்காவில் பெற்றோர் எல்லாம் கைகட்டி அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். 1939இல் பென்சில்வேனியாவில் வில்லியம்ஸ்போர்ட் என்ற சின்ன ஊரில் பொடிப் பையன்களுக்காக ஆரம்பித்த விஷயம் அது, இன்றைக்கும் பெரும்பாலும் அப்பா அம்மாக்கள் சம்பளம் இல்லாமல்தான் நடத்துகிறார்கள். கோடு போடுவது ஒருத்தர், ஸ்கோர் எழுதுவது ஒருத்தர், ஆட்டம் முடிந்ததும் தின்பண்டம் கொண்டு வர வீட்டுக்கு வீடு முறை. கோச்சும் யாராவது ஒரு பையனின் அப்பாதான். அவர் பையன் எப்போதும் ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில், பந்து நிறைய வருகிற இடம்) நிற்பான், மற்றவன் பையன் வலது ஓரத்தில் வண்ணத்துப்பூச்சி பார்த்துக்கொண்டிருப்பான், அதற்கு ஒரு புகைச்சல், அந்தப் புகைச்சல் பார்க்கிங்கில் வெடிக்கும். நம்ம ஊர் பங்காளிச் சண்டைக்குக் கொஞ்சமும் குறையாது.

அம்பயரைத் திட்டுவதும் உண்டு. 2023இல் எங்கள் மாநிலத்தில் டெப்ஃபோர்ட் என்ற ஊரின் லீக்கில், ஏச்சு தாங்காமல் அம்பயர்கள் விட்டுப் போக ஆரம்பித்ததும் ஒரு விதி போட்டார்கள்: திட்டுகிற பெற்றோர் மூன்று மேட்சுக்குத் தானே அம்பயராக நின்றுவிட்டு வந்தால்தான் மறுபடி கிரவுண்டுக்குள் பார்வையாளராக நுழையலாம். செய்தியெல்லாம் வந்தது.

ஆனால் அங்கே இருக்கிற, நம்மிடம் இல்லாத ஒன்று, எண்ணிக்கை. லிட்டில் லீக்கில் பிட்சர் ஒரு நாளைக்கு எத்தனை பந்து வீசலாம் என்பதற்கு வயதுவாரியாக வரம்பு: 9, 10 வயதுக்கு 75, 11, 12க்கு 85, 13இலிருந்து 16 வரை 95. பதினாலு வயது வரைக்கும் ஒரே நாளில் 66 பந்து போட்டுவிட்டாலே அடுத்த நான்கு நாள் பிட்ச்சிங் கிடையாது. 41 பந்து போட்டுவிட்டால் அன்றைக்கு கேட்ச்சராகவும் உட்கார முடியாது, ஏனென்றால் கேட்ச்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி வீசிக்கொண்டுதானே இருக்கிறான். அப்புறம் சாதாரண லீக் ஆட்டங்களில் வந்திருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முறையாவது பேட்டிங், ஆறு அவுட் விழும் வரைக்காவது ஃபீல்டிங், கொடுத்தே ஆக வேண்டும். அப்பாக்கள் நல்லவர்களாக மாறுவார்கள் என்று யாரும் காத்திருக்கவில்லை, விதியை எழுதிவிட்டார்கள்.

யார்க்கர்_சேலம்:

திட்டினால் அம்பயராக நிற்க வேண்டுமா? இந்த விதி மட்டும் இங்கே வந்தால் சேலத்தில் அம்பயர் பஞ்சமே இருக்காது.

எலும்பும்_நரம்பும்:

பிசியோதெரபிஸ்ட். ஐந்து ரோடு பக்கம் க்ளினிக், விளம்பரம் இல்லை.

வளர்கிற பையனுக்கு முழங்கையின் உள்பக்கம் எலும்பு இன்னும் முழுசாக ஒட்டியிருக்காது, நடுவில் குருத்தெலும்புத் தட்டு இருக்கும். வேகமாக வீசும்போது தசைநார் அந்த இடத்தைத்தான் பிடித்து இழுக்கிறது. பெரியவர்களுக்கு நார் கிழியும், பையன்களுக்கு அந்தத் தட்டே விலக ஆரம்பிக்கும். "லிட்டில் லீக் எல்போ" என்று அதற்குப் பேரே இருக்கிறது. நார் கிழிந்தால் செய்கிற அறுவை சிகிச்சைக்கு டாமி ஜான் என்ற பிட்சரின் பேர், 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருக்குத்தான் முதலில் செய்தார். இப்போது அதே சிகிச்சைக்குப் பள்ளிப் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

அமெரிக்காவில் இளம் பிட்சர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்து 2011இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வருடத்துக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு.

தலைப்பு போட்டவருக்கு: கையை உதறினான் என்று எழுதியிருக்கிறீர்களே, அது அலுப்பின் அடையாளம். உள்பக்கம் தொட்டால் வலிக்கிறதா, கை முழுசாக நீளுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தைலம் தேய்த்து மறுநாள் அனுப்புவது வேண்டாம், ஆர்த்தோவிடம் காட்டட்டும்.

தறிவீடு:

நான் அம்மாபேட்டை. என் பையன் இதே டீமில்தான் இரண்டாவது பேஸ். அந்த ஞாயிற்றுக்கிழமை பற்றி நானும் சொல்கிறேன்.

எனக்கு விளையாட்டு ஒன்றும் தெரியாது. தறியில் உட்கார்ந்து பழக்கம், எண்ணாமல் இருக்க முடியாது, அவ்வளவுதான். போன தடவை மேட்சில் பிட்சர் பையன் முகம் வாடிப் போனதைப் பார்த்ததிலிருந்து ஒரு கைப்பிடி புளியங்கொட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு போக ஆரம்பித்தேன். ஒரு பந்துக்கு ஒரு கொட்டை, முந்தானையிலிருந்து டிபன் டப்பாவுக்கு. காலை மேட்ச் முடிந்ததும் மாமியாரும் நானும் தட்டுவடை செட் தின்றுகொண்டே எண்ணிப் பார்த்தோம், எழுபத்தி சொச்சம். மதியம் நாலாவது இன்னிங்ஸிலேயே முந்தானை காலி. கீழே கிடந்த வேப்பங்கொட்டையைப் பொறுக்கி மிச்சத்தை எண்ணினேன்.

டப்பாவை எடுத்துக்கொண்டு போய் சாரிடம் காட்டினேன். சார் நல்ல மனுஷன், உடனே எழுந்தார், அதற்குள் பின்னாலிருந்து ஒரு அண்ணன், "அக்கா, கணக்குப்பிள்ளை வேலையை வீட்டோடு வச்சிக்கங்க, ஃபைனல் போயிட்டிருக்கு" என்றார். இன்னொரு அம்மா, "உங்க பையன் பிட்சரா இருந்தா இப்படி வந்து நிப்பீங்களா" என்று கேட்டார். என் பையன் பிட்சராக இருந்தால் காலை மேட்சோடு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன், அதை அங்கே சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

லோடுவண்டி:

இவ்வளவு பேரும் பேசுவது என் பையனைப் பற்றித்தான். நண்பர் ஒருத்தர் சுட்டி அனுப்பினார்.

என்னை வில்லன் மாதிரி யாரும் பார்க்க வேண்டாம். நான் லீ பஜாரில் வண்டி ஓட்டுகிறேன், மேட்சுக்கு வந்தால் அன்றைக்கு வாடகை இல்லை. மதியம் போடாதே கண்ணு என்று நானும் சொன்னேன், அவன் "நான் இல்லன்னா யாருப்பா போடுவா" என்கிறான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் உண்மையிலேயே யாரும் இல்லை. ஏன் இல்லை? மற்ற பையன்களுக்கு வீசத் தெரியாமலா? எல்லாருக்கும் தெரியும். பயிற்சியில் சார் ஒவ்வொருத்தனையும் போடச் சொல்கிறார். மேட்சில் ஒருத்தன் வந்து நாலு பந்து தப்பாகப் போட்டு ஒரு ஆளை நடக்க விட்டால் போதும், அவன் வீட்டிலிருந்தே சத்தம் வருகிறது, "மானத்த வாங்குறியேடா, இறங்கு." அடுத்த மேட்சுக்கு அந்தப் பையன் வயிற்றுவலி என்கிறான். இப்படியே ஒவ்வொருத்தனாகக் கழன்றுகொண்டு என் பையன் மட்டும் மிச்சம்.

ஃபைனல் அன்றைக்கு "உன் பையன்தாண்ணா நம்மள கரை சேர்க்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டவர் இந்த இழையைப் படிக்கிறார், எனக்குத் தெரியும். ராத்திரி குழுவில் "பேராசை பிடித்த அப்பா" என்று எழுதியதும் அவர்தான்.

தறிவீடு அக்கா, உங்கள் பேரில் எனக்கு வருத்தம் இல்லை. எழுபத்தி சொச்சம் என்று அன்றைக்கு என்னிடம் யாரும் சொல்லவில்லை.

மலையடிவாரம்:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஏற்காட்டு மேலிருந்து டீம் வேனில் இறங்கி வரும், இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி வந்து கிரவுண்டு வாசலிலேயே இரண்டு மூன்று பையன்கள் வாந்தி எடுப்பார்கள், அப்புறம் முகம் கழுவிவிட்டு ஆட இறங்குவார்கள். விடுதிப் பிள்ளைகள். பெற்றோர் எங்கெங்கோ இருக்கிறார்கள், கோட்டுக்கு வெளியே ஒரு வார்டனும் ஒரு தண்ணீர் கேனும்தான். அந்தப் பையன்கள் ஆடுவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பந்தை விட்டால் சிரிக்கிறார்கள். பிட்சர் சொதப்பினால் கேட்ச்சர் போய் ஏதோ காதில் சொல்கிறான், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள், அடுத்தவன் வந்து போடுகிறான். தோற்றுத்தான் போகிறார்கள், அது வேறு. வேனில் ஏறும்போது பாட்டுச் சத்தம் கேட்கும். ஆனால் அதில் ஒரு பையன் எங்கள் டீம் அம்மா ஒருத்தர் தன் மகனுக்குத் துண்டால் முகம் துடைத்துவிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றான், அதையும் சொல்ல வேண்டும். அதனால் பெற்றோரே வரக்கூடாது என்று யாராவது ஆரம்பித்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பழைய_கேட்ச்சர்:

லோடுவண்டி சொன்னதுதான் ஆணிவேர். இரண்டாவது பிட்சர் உருவாகாததற்கு சார் காரணம் இல்லை, வலைப் பக்கத்துச் சத்தம்தான் காரணம்.

எங்கள் டீமில் செய்வதைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் ஹோம் பிளேட் (பேட்டர் நிற்கிற இடம்) பின்னால் நிற்கக் கூடாது, வலது ஃபீல்டு ஓரத்து வேப்பமரத்தடிதான் அவர்கள் இடம், அங்கிருந்து கத்தினால் கைதட்டல் மட்டும்தான் பையன் காதில் விழும், வார்த்தை விழாது. பந்து எண்ணிக்கையை எதிர் டீமின் பெற்றோர் ஒருவர் எழுதுகிறார், அவர் குறைத்து எழுத மாட்டார் பாருங்கள்! 50 தாண்டியதும் கையைத் தூக்குவார், நான் அடுத்த பையனைச் சூடேற்றச் சொல்லிவிடுவேன். எந்த மேட்சாக இருந்தாலும் மூன்று பேர் பிட்ச்சிங் செய்தே ஆக வேண்டும், தோற்றாலும் சரி. முதல் வருடம் தோற்றோம், இரண்டு பேர் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனார்கள், போகட்டும் என்று விட்டேன். வாட்ஸாப் குழுவில் நான் மட்டும்தான் எழுத முடியும். சண்டை போட வேண்டுமென்றால் நேரில் வரட்டும், நேரில் வந்தால் பாதிப் பேருக்குக் குரல் தானாக இறங்கிவிடும்.

அப்புறம் சாமான். பையன்களிடம் இது விஷயத்தில் சண்டையே கிடையாது. இன்னிங்ஸ் மாறும்போது கிளவுஸைக் கழற்றி நின்ற இடத்திலேயே போட்டுவிட்டு வருவான், எதிர் டீம்காரன் வந்து அதையே மாட்டிக்கொள்வான். வியர்வை ஈரம் காயாத கிளவுஸ், யாரும் மூக்கைச் சுளித்து நான் பார்த்ததில்லை. சண்டை எப்போது வருகிறதென்றால், ஒரு அப்பா தன் மகனுக்கு மட்டும் புதுசு வாங்கி மார்க்கரில் பேர் எழுதி "யாருக்கும் குடுக்காதே" என்று சொல்லி அனுப்புகிற அன்றைக்கு.

செவ்வாய்ப்பேட்டை_அப்பா:

எல்லாருக்கும் நன்றி. நேற்று சாயந்தரம் சார் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தோம், லோடுவண்டி அண்ணனும் வந்தார், தறிவீடு அக்கா டிபன் டப்பாவோடு வந்தார். கரை சேர்க்கச் சொன்னவரும் வந்திருந்தார், யாரும் அதைக் கிளறவில்லை, காபி ஆறுவதற்குள் அவரே அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

முடிவானது: 13 வயதுக்குள் 75 பந்து, அதற்கு மேல் சார் சொல்கிறபடி. ஒரு நாளில் இரண்டு மேட்ச் என்றால் இரண்டு பிட்சர், பேச்சே இல்லை. எண்ணுவது அக்கா. எதிர் டீம் ஆளையும் பக்கத்தில் உட்கார வைப்போம். வேப்பமரம் எங்கள் கிரவுண்டில் சரியான இடத்தில் இல்லை, அதனால் கயிறு கட்டப் போகிறோம். வாட்ஸாப் குழுவை சார் மட்டும் எழுதுகிறபடி மாற்றுவதற்கு மூன்று பேர் ஒத்துக்கொள்ளவில்லை, அது அப்படியே தொங்குகிறது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா சமயத்தில் மேட்ச் வைக்க வேண்டாம் என்று மட்டும் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பையனை ஆர்த்தோவிடம் காட்டிவிட்டார்கள். எலும்பு விலகவில்லை, ஆறு வாரம் வீசக் கூடாது. அதுவரைக்கும் அவன் முதல் பேஸுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பானாம், அவனே கேட்டது.

லோடுவண்டி:

ஆறு வாரம் வீட்டில் வைத்திருப்பது லோடு ஏற்றுவதைவிடக் கஷ்டம். இப்போதே இடது கையால் வீசிப் பார்க்கிறான்.

எலும்பும்_நரம்பும்:

அதையும் நிறுத்தச் சொல்லுங்க.

தறிவீடு:

ஒரு உதவி. எங்கள் டீமில் ஒரு பையன் இடது கையால் வீசுகிறவன், அவனுக்கு வலது கையில் மாட்டுகிற கிளவுஸ் வேண்டும். பள்ளியில் இருப்பதெல்லாம் மற்றவர்களுக்கானது. பாவம், இடது கையில் மாட்டிப் பந்தைப் பிடித்து, கிளவுஸைக் கக்கத்தில் இடுக்கி, பந்தை உருவி எடுத்து, அப்புறம் அதே கையால் வீசுகிறான். அதற்குள் ஓடுகிறவன் அடுத்த பேஸுக்கே போய்விடுகிறான். சேலத்தில் கடை கடையாகக் கேட்டாயிற்று. இரண்டாவது பிட்சராக சார் நினைப்பது இவனைத்தான்.

கடல்தாண்டிய_சேலத்தான்:

அக்கா, என் பெண் இடது கைக்காரி, அவள் பழைய கிளவுஸ் கார் ஷெட்டில் கிடக்கிறது, பதினொன்றரை இஞ்ச். டிசம்பரில் மச்சான் ஊருக்கு வருகிறான், கொடுத்தனுப்புகிறேன். பையனின் உள்ளங்கை அளவு மட்டும் எடுத்து அனுப்புங்க.

தறிவீடு:

நாளைக்குப் பயிற்சியில் எடுத்துவிடுகிறேன் தம்பி. டிசம்பர் வரைக்கும் அவனைக் கக்கத்தில் இடுக்கியே சமாளிக்கச் சொல்கிறேன்.